பொன்னும் பஞ்சாங்கமும்

பொன் தேடி மக்கள் திரள்திரளாக ஓடிய வரலாறு என்றவுடன் நம் மாணவர்க்கு நினைவில் எழுவன இரண்டு இடங்களே. ஒன்று கலிபோர்னியா, மற்றையது அவுஸ்திரேலியா. முன்னையது 1848 இலும் பின்னையது 1851 இலும் நிகழ்ந்தன என்று சரித்திர பாடத்தில் மனனஞ் செய்திருப்பர். ஆனால் அவ்விரண்டுக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னரே, தமிழ் வழங்கும் நிலத்தின் வாயிலில், கோலார்ச் சீமையிலே, இராணுவ உத்தியோகத்தர் ஒருவர் ஒரு வண்டி மண்ணைத் தம் கண்முன்னே கழுவுவித்து, அடியில் மின்னுவது யாதென உற்று நோக்கிக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஜோன் வாரன். கோலார் தங்கவயல் 2018 ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றினால் இன்று சிறுபிள்ளைகளுக்கும் தெரிந்த பெயராகிவிட்டது. வாரன் பெயரைத் தெரிந்தவர் மிகச் சிலர்.

எம்மை இவர்பால் ஈர்த்தது பொன் அன்று. நம் முன்னோர் வீட்டு இறப்பிலே செருகி வைத்து, நல்லநாள் பெருநாளுக்கெல்லாம் எடுத்துப் புரட்டிய பஞ்சாங்கத்தைக் குறித்து ஆராயப் புகுந்தபோதுதான் இவரை நாம் சந்தித்தோம். கோலார் மண்ணிற் பொன் கண்டவரும், தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதத்தை ஐரோப்பியர்க்கு விரித்துரைத்தவரும் ஒருவரே என்று அறிந்தபோது சிறிது நேரம் நூலை மூடிவைத்துவிட்டு இருந்தோம்.

இவரது குடிவழியே ஒரு கதை போன்றது. இங்கிலாந்தில் இரண்டாம் ஜேம்ஸ் அரசன் முடியிழந்தபோது, அவனுக்குத் துணை நின்ற அயர்லாந்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல தாய்நாட்டை விட்டுப் பிரான்சு முதலிய தேசங்களுக்குச் சென்று, அந்நாட்டு மன்னரின் படைகளிற் சேவித்து வாழ்ந்தன. அவ்வாறு அயர்லாந்து வழிவந்த பிரபு குடும்பமொன்றில் 1769 இல் இவர் பிறந்தார். பிறந்தபோது இட்ட பெயர் ஜீன் பப்தீஸ்த் பிரான்சுவா ஜோசப் த வாரன் என்பது. இங்கிலாந்து அரசனுக்கு அஞ்சிப் புறப்பட்ட குடும்பத்தின் பிள்ளை, பிரெஞ்சுப் புரட்சியில் பிரபுக்களின் தலைகள் உருண்டபோது, திரும்பவும் இங்கிலாந்து அரசனின் படையிலேயே புகலிடந் தேடினார் என்பதை எண்ணும்போது, விதி மனிதரோடு விளையாடும் விளையாட்டு என்று நம் கிழவிகள் சொல்வது பொருத்தமாகத் தோன்றுகிறது. அன்று முதல் அவர் 'ஜோன்' வாரன் ஆனார்.

1769 ஆம் ஆண்டைக் குறித்து ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. நெப்போலியன் பிறந்ததும் அவ்வாண்டே. அவனை வாட்டர்லூவில் முறியடித்த வெலிங்டன் பிறந்ததும் அவ்வாண்டே. அவ்வாண்டிலேதான் புதுச்சேரியில் லெ ஜாந்தி என்னும் பிரெஞ்சு வானநூலறிஞர், வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் காணப் பல்லாண்டு காத்திருந்து, குறித்த வேளையில் மேகம் மறைத்தமையால் காணாது மனமுடைந்தார். அவர் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதத்தைக் கேட்டறிந்து எழுதிவைத்தார். இவர் தொட்ட அதே பொருளைப் பின்னொருநாள் அதே ஊரில் இருந்து வாரன் எடுத்துத் தொடரப்போகிறார்.

வாரன் சேர்ந்தது முப்பத்து மூன்றாம் காலாட்படை. வெலிங்டன் பிரபுவாகப் பின்னர் உயர்ந்த ஆதர் வெல்லெஸ்லியே அப்படையின் தளபதி. இந்தியாவின் பெரிய நில அளவையைத் தொடக்கிவைத்த வில்லியம் லாம்ப்டனும் அப்படையைச் சேர்ந்தவரே. 1799 இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், மைசூர் இராச்சியத்தின் எல்லைகளை அளந்து குறிக்க வேண்டியதாயிற்று. கிழக்கெல்லை வாரன் பொறுப்பில் வந்தது. 1802 ஆம் ஆண்டு, அளவுச் சங்கிலியும் கருவிகளுமாகக் கோலார்ப் பகுதியில் அவர் திரிந்துகொண்டிருக்கையில் ஒரு செய்தி காதில் விழுந்தது. எர்ரகொண்டை என்னும் செங்குன்றின் அயலிலே மண்ணிற் பொன் கிடைக்கின்றது என்பதே அது.

வேறோர் உத்தியோகத்தராயின் நகைத்துவிட்டு அப்பாற் போயிருப்பார். வாரன் அவ்வாறு செய்யவில்லை. மண்ணிற் பொன்னைக் காட்டுவோர்க்கு வெகுமதி உண்டென்று ஊரூராக அறிவித்தார். ஊரிகம் என்னும் கிராமத்தார் ஒரு வண்டி நிறைய மண்ணை ஏற்றிக்கொண்டு அவர் பாசறைக்கு வந்தனர். வந்த பெண்கள் அம்மண்ணை நீரில் அலசி, மிதப்பதைக் களைந்து, படிவதைத் தேர்ந்து, இறுதியில் பாத்திரத்தின் அடியிலே சிறு பொற்றூள்களைக் காட்டினர். வாரன் கணக்குப் பார்த்தார். ஏறத்தாழ ஐம்பத்தாறு கிலோ மண்ணுக்கு ஒரு கிறெயின் பொன் தேறிற்று.

நம் பொற்கொல்லர் அளவிற் சொல்வதாயின், ஒரு கிறெயின் என்பது குன்றிமணியின் எடையில் ஏறக்குறையப் பாதி. இந்தக் கணக்கை மாணவர்கள் இன்னும் சற்று நீட்டிப் பார்க்கலாம். ஒரு பவுண் சுமார் எட்டுக் கிராம். அஃதாவது 123 கிறெயின். எனவே ஒரு பவுண் பொன்னுக்கு ஏறத்தாழ 6,900 கிலோ மண்ணைக் கழுவியாக வேண்டும். ஒரு தாலிக்கொடிக்கு எத்தனை வண்டி மண் வேண்டுமென்பதைக் கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் யாரேனும் கணக்கிட்டால், பேச்சு ஒருவேளை சற்றே இலேசாகலாம்.

வாரன் அத்தோடு நிற்கவில்லை. மாரிக்குப்பம் சென்று, ஆங்கே நிலத்தைக் குடைந்து பொன் எடுத்துக்கொண்டிருந்த மக்களையும் கண்டார். முப்பது அடி, நாற்பத்தைந்து அடி ஆழமான குழிகள். உள்ளே இறங்கிய ஆடவர் கல்லை வெட்டிக் கூடையிலிட்டுக் கைக்குக் கை மாற்றி மேலே அனுப்புவர். மேலே பெண்கள் அதனைப் பெரும்பாறை மீதிட்டுப் பொடியாக இடித்து, நீர்நிலைக்குச் சுமந்து சென்று அலசுவர். இம்மக்கள் ஊரார் தீண்டத் தகாதவரென்று ஒதுக்கிவைத்த பறையர் குலத்தினர். தலைமுறை தலைமுறையாக இத்தொழிலை அறிந்தவர்கள். 'கோலாரிற் பொன்னைக் கண்டுபிடித்தவர் வாரன்' என்று சில நூல்களிற் காண்கிறோம். எமக்கு அவ்வாறு சொல்ல நா எழவில்லை. இப்பெண்கள் அறியாத எதனை அவர் கண்டுபிடித்தார்? கண்டதைத் தேதியிட்டு, அளவிட்டு, எழுதிவைத்தார். அது சிறிய காரியமன்று; ஆயினும் கண்டுபிடித்தல் அன்று. வாரன் தாமும் அவ்வாறு உரிமை பாராட்டியவரல்லர். அந்தப் பெண்களுள் ஒருத்தியின் பெயரேனும் நமக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் குறை.

இன்னும் பின்னோக்கினால், கோலார் என்பது கங்கர் காலத்துக் குவளாலபுரம். சோழராட்சியில் நிகரிலிசோழ மண்டலத்துள் அடங்கியது. அங்குள்ள கோலாரம்மன் கோயிலிற் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுக்கள் இன்றும் உள.

வாரனின் அறிக்கை உடனே ஒருவரையும் பணக்காரர் ஆக்கவில்லை. அறுபது எழுபது ஆண்டுகள் அது ஏட்டிலேயே உறங்கிற்று. அதனைத் தட்டியெழுப்பியவர் மைக்கேல் பிற்ஸ்ஜெரால்ட் லவெல் என்னும் இன்னொரு அயர்லாந்து வழியினர். நியூசீலாந்தில் மயோரி மக்களோடு நடந்த யுத்தத்திற் போர்வீரராயிருந்து, ஓய்வுபெற்றுப் பெங்களூரிற் குடியேறியவர். பழைய அறிக்கையைப் படித்த அவர் 1871 இல் மாட்டுவண்டி பூட்டிக்கொண்டு சுமார் அறுபது மைல் பயணஞ் செய்து கோலாரை அடைந்தார். பழங்குழிகளை ஈராண்டு ஆராய்ந்தபின் 1873 இல் மைசூர் அரசாங்கத்துக்கு விண்ணப்பித்தார். நிலக்கரி தேடுவதானால் அனுமதிக்கலாம். பொன் கிடைக்குமென்று தோன்றவில்லை என்பது அரசாங்கத்தின் எண்ணம். லவெல் விடவில்லை. 1875 இல் உரிமம் கிடைத்தது. கையிலிருந்த பணம் அதற்குள் கரைந்தது. 1877 அளவில் உரிமையை வேறு சிலர்க்குக் கைமாற்றிவிட்டு விலகினார். பெங்களூரில் அவர் பெயரால் ஒரு வீதி இருக்கின்றது. அங்குள்ளோர் அதனைப் பெரிய கடைகளும் மாளிகைகளும் உள்ள வீதியாகவே அறிவர்.

1880 இல் ஜோன் டெயிலர் என்னும் இலண்டன் கம்பெனியார் வந்தனர். முதற் சில ஆண்டுகள் பங்குதாரர் வயிற்றெரிச்சலோடு கழிந்தன. பின்னர், பழங்காலத்தார் விட்டுச்சென்ற குழிகளுக்கும் கீழே இறங்கிப் பார்த்தபோதே பெரும் பொன்னிரேகை அகப்பட்டது. முன்னோர் நீர்மட்டத்தை எட்டியவுடன் நிறுத்தியிருந்தனர். அவர்களிடம் நீரிறைக்கும் யந்திரம் இருக்கவில்லை. அதுவொன்றே வேறுபாடு. அதன்பின் நிகழ்ந்தவை விரைவானவை. 1902 இல் தொண்ணூற்றிரண்டு மைல் தொலைவிலிருந்த சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கம் மூவாயிரம் மீற்றருக்கும் மேலான ஆழத்தை எட்டிற்று. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளில் எண்ணூறு தொன்னுக்கு மேற்பட்ட பொன் எடுக்கப்பட்டது. 1956 இல் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களைக் கையேற்றது. பின்னர் அவை மத்திய அரசாங்கத்தின் வசமாயின. 2001 பெப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. பௌதிகவியல் பயிலும் மாணவர்க்கு ஒரு செய்தி: 1965 இல் இச்சுரங்கத்தின் ஆழத்திற் கருவிகளை வைத்தே, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூத்திரினோக்களின் தடத்தை இந்திய விஞ்ஞானிகள் பிறநாட்டாரோடு கூடிக் கண்டனர். பொன்னுக்காக வெட்டிய குழி விண்ணை அளக்க உதவிற்று.

அக்குழியினுள் இறங்கியோர் யார்? பெரும்பான்மையோர் தமிழர், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனவர்கள், அவருள்ளும் மிகுதியானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஏறத்தாழ அக்காலத்திலேயே நம் யாழ்ப்பாணத்து இளைஞர் ஆங்கிலக் கல்வியைக் கையிற் பிடித்துக்கொண்டு மலாயாவுக்குக் கப்பலேறினர். புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் எழுதுவினைஞராயிருந்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பி, கல்வீடு கட்டி, கோயிலுக்குத் தேர் செய்வித்தனர். கோலாருக்குப் போனவரிற் பலர் நெஞ்சினுள்ளே கல்தூசியைச் சுமந்துகொண்டு இருமி இருமி மாண்டனர். திடீரெனப் பாறை வெடித்து நசுங்கியோர் தொகையும் சிறிதன்று. நம் பேரன் பாட்டன்மாரின் கடல்கடந்த உழைப்பைப் போற்றி எழுதும் நாம், இவர்களையும் அந்த வரிசையிலே ஏன் வைத்தெண்ணுவதில்லை என்பது எமக்கு விளங்காத ஒன்று. ஒருவேளை விளங்கியும் சொல்லக் கூசுவதாயிருக்கலாம்.

அவர்கள் வெறும் கூலிகளாய் இருந்துவிடவுமில்லை. அயோத்திதாச பண்டிதர் 1907 இல் தொடங்கிய வாரப் பத்திரிகைக்குக் கோலார்த் தங்கவயல் பெருந்துணையாய் நின்றது. அவர் நிறுவிய பௌத்த சங்கத்தின் கிளை மாரிக்குப்பத்திலே செழித்தது. அவர் மறைவுக்குப்பின் அவர் எழுத்துக்களைத் தொகுத்து வெளியிட்டதும் தங்கவயலிலிருந்த சித்தார்த்தா புத்தகசாலையே. 1802 இல் வாரன் கண்டெழுதிய அதே மாரிக்குப்பம்! இன்று சுரங்கம் மூடப்பட்டபின், அவ்வூர்ப் புகையிரத நிலையத்திலிருந்து நாள்தோறும் விடியுமுன்னே வண்டியேறி, பெங்களூரில் வேலைசெய்து, இருட்டியபின் வீடு திரும்புவோர் அச்சுரங்கத் தொழிலாளரின் பேரரும் பூட்டரும் ஆவர்.

வாரனை நடுவழியில் விட்டுவிட்டோம். பொன்னைக் கண்டவர் பொன்னைத் தேடாது மேலே விண்ணைப் பார்க்கப் போய்விட்டார் என்பதே அவரது வாழ்க்கையிற் சுவையான பகுதி. 1805 முதற் சில ஆண்டுகள் சென்னை நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சி நிலையத்தைப் பொறுப்பேற்று நடத்தினார். 1807 இல் தோன்றிய பெரிய வால்வெள்ளியை அவதானித்தார். சென்னையின் நெடுங்கோட்டைக் கணித்தார். திருவக்கரையிலே கல்லாய்ச் சமைந்து கிடக்கும் மரங்களைக் குறித்து ஒரு கட்டுரை வரைந்தார். அஃது 1810 இல் அச்சாயிற்று. நெப்போலியன் வீழ்ந்து பழைய அரசவமிசம் மீண்டபின் பிரான்சுக்குச் சென்றார். ஆனால் அங்கே நிலைக்கவில்லை. மறுபடியும் இந்தியா வந்து புதுச்சேரியில் அமர்ந்தார்.

ஆங்குதான் 'காலசங்கலிதம்' என்னும் பெருநூல் எழுந்தது. 1825 இல் சென்னையில் வெளிவந்தது. தென்னிந்திய மக்கள் காலத்தை எவ்வெவ்வாறு பகுத்து எண்ணுகின்றனர் என்பதை விளக்கும் நூல் அது. அதிலே, சாமிநாதன் சேஷையா என்று நாம் கொள்ளத்தக்க பெயருடைய பஞ்சாங்கக்காரர் ஒருவர் வருகின்றார். அவர் ஒரு தாளில் ஓர் இலக்கத்தைத்தானும் எழுதாமல், நிலத்திலே சோகிகளைப் பரப்பி, அவற்றை இடம் மாற்றி மாற்றி வைத்தே 1825 மே 31 இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். வேண்டிய வாய்ப்பாடெல்லாம் அவர் நெஞ்சில் சொற்களாக இருந்தது. கிரகணத் தொடக்கத்தில் நான்கு நிமிடப் பிழை. நடுவில் இருபத்து மூன்று நிமிடம். முடிவில் ஐம்பத்திரண்டு நிமிடம். வாரன் இப்பிழைகளையும் மறைக்கவில்லை. அக்கணிதத்தின் ஒவ்வொரு படியையும் விடாது எழுதிவைத்தார். இருபதாம் நூற்றாண்டில் ஒட்டோ நொய்கபவர் என்னும் பேரறிஞர் இக்குறிப்பைக் கையிற்கொண்டு ஆராய்ந்து, பண்டைப் பாபிலோனியரின் கணித முறைகளோடு இதற்குள்ள உறவை 1952 இல் எடுத்துக்காட்டினார்.

நெஞ்சில் இருந்த அச்சொற்களே வாக்கியங்கள். சந்திரன் பூமிக்கு அண்மையிலிருந்து புறப்பட்டு மீண்டும் அண்மைக்கு வர ஏறத்தாழ இருபத்தேழரை நாட்கள் ஆகின்றன. அத்தகைய ஒன்பது சுற்றுக்கள் கூடினால் 248 நாட்கள். எனவே 248 நாட்களுக்கும் சந்திரன் நிற்குமிடத்தை 248 வாக்கியங்களாகக் கட்டி, எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் வைத்து, பாட்டுப்போல மனனஞ் செய்துவிட்டால், ஏடும் எழுத்தாணியும் வேண்டியதில்லை. கொக்குவில் இரகுநாதையர் பஞ்சாங்கத்தை நாம் 'வாக்கிய பஞ்சாங்கம்' என்று வழங்குவது இதனாலேயே. மட்டுவிலிலிருந்து வரும் திருக்கணித பஞ்சாங்கம் பிற்கால அவதானங்களைக் கொண்டு திருத்திய கணிதத்தைத் தழுவுவது. இரண்டுக்கும் இடையே நாழிகைகள் முரணும்போது, எந்த நாளில் விரதம் பிடிப்பதென்று வீடுகளில் எழும் வாக்குவாதத்தின் வேர் இவ்வளவு ஆழத்திற் கிடக்கிறது.

அந்த வாக்குவாதம் யாழ்ப்பாணத்தில் ஒருமுறை பெருநாடகமாகவே நடந்தது. வாரன் நூல் வெளிவந்து நான்காம் ஆண்டு, 1829 மார்ச் மாதம் ஒரு சந்திர கிரகணம் வந்தது. வட்டுக்கோட்டைச் செமினரியின் அதிபராயிருந்த அமெரிக்க மிஷனரி டானியேல் பூவர், அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் அக்கிரகணத்தைக் குறித்துச் சொன்னதிற் பிழையுண்டென்று முன்னரே அறிவித்து, குறித்த இரவில் மாணவரையும் ஊராரையும் கூட்டி வைத்துக்கொண்டு பார்த்தார். பூவர் கணக்கே சரியாயிற்று. பஞ்சாங்கம் தவறிற்றென்றால் அது சார்ந்த சமயமும் தவறென்று காட்டுவதே அவர் கருத்து. சந்திரன் சிறிது நேரம் முந்தினாலும் பிந்தினாலும் சிவபெருமானுக்கு அதனால் என்ன குறை என்று நம்மவர் எண்ணிப் பேசாதிருந்தனர் போலும். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளவே வேண்டும். அந்தச் செமினரியில் ஊட்டப்பட்ட கணிதம் வீண்போகவில்லை. 'வீசகணிதம்' என அட்சரகணிதத்தைத் தமிழில் தந்த கறல் விசுவநாதபிள்ளை அங்கு வளர்ந்தவரே. 1857 இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாய்ச் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அவருமே விளங்கினர்.

ஒரே கலையைப் பூவர் பிழைகாண நோக்கினார். வாரன் 'இஃது எவ்வாறு நிகழ்கின்றது?' என்று கேட்டு அதனருகே அமர்ந்தார். மண் கழுவிய பெண்களிடத்தும் அவர் கேட்ட கேள்வி அதுவே. எமது வகுப்பறைகளில் முதலாவது நோக்குக்கு மதிப்பெண் மிகுதி. இரண்டாவது நோக்குக்கு நேரமில்லை.

வாரன் 1830 பெப்ரவரியில் புதுச்சேரியிலேயே காலமானார். அவர் மகன் எட்வார்த் த வாரன் 1811 இல் சென்னையிற் பிறந்தவர். தந்தையைப் போலவே பிரெஞ்சுக்காரராயிருந்தும் இந்தியாவில் ஆங்கிலப் படையிற் சேவித்தார். பின்னர்ப் பிரான்சில் இருந்துகொண்டு ஆங்கிலேயர் ஆட்சியிலுள்ள இந்தியாவைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் ஒரு நூல் எழுதினார். 1840களில் வெளிவந்த அந்நூல், 1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்பின் மீண்டும் விரித்து அச்சிடப்படும் அளவுக்குப் புகழ்பெற்றது. தந்தை கண்ட பொன்னால் அக்குடும்பத்துக்கு வந்த செல்வம் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. ஜோன் டெயிலர் கம்பெனியார் கோலாரிற் கால்வைத்தபோது வாரன் இறந்து ஐம்பது ஆண்டுகள் சென்றிருந்தன.